சுவரோடு சேர்த்து அடித்தது

சின்னவளை வேலையிலிருந்து யாரும் துரத்தவில்லை. அவளேதான் விட்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தரைத்தளத்தில், லிப்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் காபி கவுண்டர். அங்கே ஆறு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவள். தூக்கம் கெட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, பகல் வெளிச்சத்தைக் கண்டாலே எரிச்சல் வரும் அளவுக்கு ஆனபிறகும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும்தான் யாரும் அவளைக் கொஞ்சம் தள்ளி நில் என்று சொன்னதில்லை.

விடச் சொன்னது அண்ணன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்தவன், ஹாலின் ஜன்னலோர மூலையைத் தாடையால் காட்டினான். “ராத்திரி முழிச்சது போதும். அந்த மூலை சும்மாதானே கிடக்கு? ஒரு காபி பார் போடு. நாலு பேருக்குக் கத்துக்கொடு. உனக்குன்னு ஒரு இடம் வேணாமா?”

வீடு அண்ணன் பேரில் இருந்தது. அப்பா சாகுமுன் அப்படி எழுதிவைத்துவிட்டுப் போனார். சின்னவள் எப்படியும் கல்யாணமாகிப் போய்விடுவாள் என்பது அவர் நினைப்பு. முப்பத்தாறு வயதாகியும் அவள் எங்கேயும் போகவில்லை. சமையலறையை ஒட்டிய ரூமில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், துணி காயப்போட ஒரு கொடி. அங்கே அவள் இருப்பதை யாரும் கேள்வி கேட்டதில்லை. இரு என்றும் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவன் சொன்னான். அடுத்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கவுண்டரில் அவளோடு நின்றவளுக்கு ‘சீனி’ என்று பட்டப்பெயர். எந்தக் காபியிலும் மூன்று கரண்டி போட்டுக் கலக்குவாள். வீட்டுக்காரர்களை நம்பி வேலையை விடுகிறாயே, உனக்கு மூளை எங்கே இருக்கிறது என்று சீனி கேட்டாள். சின்னவள் சிரித்துவிட்டுப் போனாள். போகும்போது, ஸ்டோரில் தூசி பிடித்துக் கிடந்த ஒற்றைக் கைப்பிடி எஸ்பிரசோ மெஷினை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். ரப்பர் வளையங்களை மாற்றி, பாய்லருக்குள் படிந்திருந்த உப்பை மூன்று நாள் ஊறவைத்துக் கரைத்து, அதை மறுபடி ஓட வைத்தாள். ஆவி சீறிக்கொண்டு வந்தபோது தெருவே கேட்கும்படி விசிலடித்தாள். அண்ணி ஓடிவந்து கேஸ் வெடித்துவிட்டதோ என்று பார்த்தாள்.

காபி பார் என்றால் பத்திரிகைப் படத்தில் வருவதுபோல ஒரு மேஜை, ஒரு பலகை, ‘காபி’ என்று எழுதித் தொங்கவிட்ட போர்டு, இவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்னவளுக்கு அது கை போகிற பாதை. முதலில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். ஆறடி நீளம், இரண்டடி அகலம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வெறுங்கையால் காபி போட்டுப் பார்த்தாள். அரைக்க வேண்டும், கைப்பிடியின் கிண்ணத்தில் தூளை நிரப்ப வேண்டும், அழுத்த வேண்டும், மெஷினில் மாட்ட வேண்டும். குனிந்து பாலை எடுக்க வேண்டும். காபி இறங்கியதும் சக்கையைத் தட்டிக் கொட்ட வேண்டும். எங்கே கால் நகர்கிறதோ அங்கே கோட்டை அழித்துத் திருத்தினாள். கால் நகராமல் வேலை முடிய வேண்டும். அதுதான் ஆறு வருஷத்தில் கற்றது.

சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து அண்ணி வேடிக்கை பார்த்தாள். “காத்துலயே போடுறியே, எனக்கு ஒரு கப் குடு, சர்க்கரை கம்மியா,” என்றாள். சின்னவள் காற்றிலேயே ஒரு கப்பை நீட்டினாள். அண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, ஆறிப்போயிடுச்சு என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு எழுந்துவந்து டேப் பிடித்தாள். மேடையின் உயரத்துக்குச் சின்னவள் முழங்கையை மடக்கி நிற்க, முழங்கைக்கு ஒரு சாண் கீழே அண்ணி சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். அந்த வீட்டில் எல்லாமே அண்ணனின் உயரத்துக்குத்தான் இருந்தன. கண்ணாடி, அலமாரி, பாத்ரூம் கொக்கி, எல்லாம். தன் முழங்கைக்கு என்று ஒரு கோடு சுவரில் ஏறியதைச் சின்னவள் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். அதனால் கிரைண்டர் இடது பக்கம், மெஷின் நடுவில், சக்கைப் பெட்டி மெஷினுக்கு இடப்புறம் மேடைக்குள் இறக்கியது. முழங்கால் உயரத்தில் பாலுக்குச் சின்ன ஃபிரிட்ஜ். கப்புகள் மெஷினின் தலைமேல், சூட்டிலேயே இருக்கும்படி. தினமும் கைக்கு வருவது கண்மட்டத்தில், வாரம் ஒருமுறை வருவது மேலே, மாதம் ஒருமுறை வருவது வேறு அலமாரியில். ஈரத்துணிக்கு ஒரு கொக்கி, காய்ந்த துணிக்கு ஒரு கொக்கி, இரண்டும் மாறக்கூடாது. மொத்தத்தையும் சக்கரம் வைத்துச் செய்யச் சொன்னாள். பின்னால் தண்ணீர் கசிந்தால் இழுத்துப் பார்க்க வேண்டுமே.

தச்சர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். நரைத்த மீசை, காதில் எப்போதும் ஒரு பென்சில். சின்னவள் அவரையும் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். இவ்வளவு விவரமாக வரைந்து கொடுத்தால் எனக்கு என்ன வேலை, ஆணி அடிக்கவா என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார்.

அதன்பிறகு அண்ணன் மூன்று திருத்தம் சொன்னான்.

முதல் திருத்தம், எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்று. ஊரில் எல்லாரும் வலது கைக்காரர்கள்தானே என்றான். கத்துக்க வருகிறவர்களை நினைத்துச் சொல்கிறான் என்று சின்னவள் தலையாட்டினாள். இரவில் படுத்துக்கொண்டு, தன் கையை வலது பக்கத்துக்குப் பழக்க எத்தனை வாரம் ஆகும் என்று யோசித்தாள். இரண்டாவது, துணி, பிரஷ், சக்கைப் பெட்டி எதுவும் கண்ணில் படக்கூடாது. விருந்தாளி வந்தால் நன்றாக இருக்க வேண்டும் என்கிறான் என்று அதற்கும் தலையாட்டினாள். மூன்றாவதை அவளிடம் சொல்லவில்லை, தச்சரிடம் சொன்னான். அவள் ஒருநாள் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், மேடையும் பலகைகளும் சுவரோடு சேர்த்து அடிக்கப்பட்டிருந்தன. சக்கரத்தைக் காணோம். பத்து இடத்தில் துளை, ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஸ்க்ரூ, விளிம்பு முழுக்கப் பசை. ஏன் என்று கேட்டதற்கு, “கிரைண்டர் ஓடும்போது ஆடக்கூடாதில்ல?” என்றான் அண்ணன். ஆமாம், ஆடும். அவளுக்கே தோன்றாதது அவனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று அவள் மனசு குளிர்ந்துபோனது.

கவுண்டரில் நின்று பழகியவளின் முட்டாள்தனம் அது. ஒரு பொருள் ஓர் இடத்தில் இருந்தால் வேலைக்காகத்தான் இருக்கும் என்று நினைப்பாள். வேறு எதற்காகவாவது இருக்கும் என்று அவள் புத்திக்கு எட்டாது.

செடியைப் பார்த்தாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் செடி, வெள்ளைத் தொட்டியில். கைப்பிடியை வைக்கவேண்டிய இடத்தில் அண்ணன் அதைக் கொண்டுவந்து வைத்தான். அவள் எடுத்து பாத்ரூமில் வைத்தாள். மறுநாள் அது திரும்ப மேடைக்கு வந்தது. மறுபடி பாத்ரூமுக்குப் போனது. ஒரு வாரம் அந்தச் செடி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தது. இதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தால் போதும் என்று அண்ணி சொல்ல, மூவரும் சிரித்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே செடியை மேடையில் வைத்து, கதவருகே நின்று, குனிந்து, சாய்ந்து பத்துப் பதினைந்து போட்டோ எடுத்தான்.

சின்னவள் முதல் வகுப்புக்கு ஆள் சேர்த்துவிட்டாள். பக்கத்துக் கட்டடத்து டீச்சர், அவருடைய மருமகள், தெருமுனை தையல்காரி. இன்னும் ஓர் ஆள் வந்தால் நாலு. வகுப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை காலை தச்சர் வந்தார், ஒரு பலகையின் ஓரத்தை இழைக்க. அண்ணனும் அண்ணியும் ஆபீஸுக்குப் போயிருந்தார்கள். சின்னவள் அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மேடையைத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு ஆசையாகச் செய்ததை விட்டுவிட்டுப் போகிறீர்களே என்று வருத்தப்பட்டார்.

எங்கே போகிறோம் என்று அவள் கேட்டாள்.

அவளுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. புது வீட்டுக்குத்தான் என்று சாதாரணமாகச் சொன்னார். ஏழாவது மாடி. போன மாதமே அளவெடுத்தாகிவிட்டது. அங்கே இந்த மாதிரி எல்லாம் வேண்டாமாம், கிச்சன் சின்னது. சக்கரம் வைத்துச் செய்திருந்தால் தள்ளிக்கொண்டாவது போயிருக்கலாம், உங்கள் அண்ணன்தான் வேண்டாம் என்றார் என்று சொன்னார். “சுவத்தோட சேத்து அடிச்சா அது வீட்டைச் சேந்ததும்மா. வாங்குறவங்களுக்குப் போயிடும். கழட்டிட்டுப் போனா அவங்க சண்டைக்கு வருவாங்க.”

அவள் துணியை எடுத்து ஆவிக் குழாயைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததுதான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அங்கே எத்தனை ரூமுக்கு அளவு எடுத்தீர்கள்?

“ரெண்டு. ஒண்ணு பெட்ரூம், பெரிய கட்டில். இன்னொண்ணு உங்க அண்ணனுக்கு ஆபீஸ் ரூம், மேஜையும் புக் ஷெல்ஃபும்.” சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அப்புறம் பலகையை இழைத்தார். தேவைக்கு மேலேயே இழைத்தார். போகும்போது காதிலிருந்த பென்சிலை மறந்து மேடையில் வைத்துவிட்டுப் போனார். தடுக்கி விழப்போகிறவர் போல அவசரமாகப் படியிறங்கினார்.

அண்ணன் வருமுன் அண்ணி வந்தாள். சின்னவள் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஏழாவது மாடியில் காற்று நன்றாக வருமா என்று மட்டும் கேட்டாள்.

அண்ணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். வீட்டை விற்பதென்று முடிவாகி ஐந்து மாதம் ஆகிறது. வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் ஹால் இருட்டாகத் தெரிந்தது. வீட்டுக்குள் ஒரு காபி கார்னர் இருந்தால் இப்போதெல்லாம் ஜனங்கள் மயங்கிவிடுகிறார்கள் என்று தரகர்தான் யோசனை சொன்னார். வெளி ஆளை வைத்துச் செய்தால் கடை மாதிரி ஆகிவிடும் என்று அண்ணன் தயங்கினான்.

“அப்ப நான்தான் சொன்னேன்,” என்றாள் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. “நம்ம வீட்டுலயே ஒருத்தி இருக்காளேன்னு. உன்கிட்ட சொன்னா ஆசை ஆசையா செய்வேன்னு.”

சின்னவள் அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் ஏமாற்றினான் என்றால், சரி, சின்ன வயசிலிருந்தே அவன் வாயில் ஒன்று, மனசில் ஒன்று. ஆனால் இவள் டேப் பிடித்தாள். காற்றில் கொடுத்த காபியை வாங்கிக் குடித்து, ஆறிப்போய்விட்டது என்று முகத்தைச் சுளித்தாள். தெரிந்துகொண்டே சுளித்தாள்.

“என் முழங்கையை அளந்தீங்களே அண்ணி,” என்றாள். “அது எதுக்கு?”

அண்ணி கைப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். அந்த நேரத்துக்கு உன் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது என்பது போன்ற ஏதோ ஒன்று அவளிடம் இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் இல்லை.

அண்ணன் வந்தான். விஷயம் உடைந்துவிட்டது என்று தெரிந்ததும் முதலில் தச்சரைத் திட்டினான். பிறகு இவளிடம் வந்து, சுற்றி வளைத்து, காதில் ஒரு கூடைப் பூவைச் சுற்றினான். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தானாம். அவளுக்கு வேறு ஓர் இடம் பார்த்துக் கொடுப்பானாம், அதில் இதைவிடப் பெரிய பார் போட்டுத் தருவானாம். எங்கே, எப்போது என்று அவள் கேட்டதற்கு, “எல்லாத்துக்கும் இப்பவே தேதி குறிச்சுக் குடுக்க முடியுமா?” என்று எரிந்து விழுந்தான். ஐந்து நிமிஷத்தில் ஏமாந்தவள் குற்றவாளியாகிவிட்டாள். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வருகிறார்களாம். இரண்டாவது தடவையாகப் பார்க்க வருகிறார்கள், அநேகமாக முடிந்துவிடும். அவர்கள் நுழையும்போது வீடு முழுக்கக் காபி வாசனை அடிக்க வேண்டும். இந்த ஒரு தடவை மட்டும், தங்கச்சி.

‘தங்கச்சி’ என்று அவன் கூப்பிட்டுப் பத்து வருஷமாவது இருக்கும்.

சரி என்றாள். மோசமாகப் போடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சரி என்றாள். தூளைக் கருக விடலாம். பாலைப் பொங்க விடலாம். வாயில் வைத்ததும் துப்புகிற மாதிரி ஒரு காபி போட அவளுக்குத் தெரியாதா என்ன? சீனிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். சீனி, நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. தன் ரூமில் இரண்டாவது கட்டிலுக்கு இடமில்லை, தரையில் ஒரு மெத்தைக்கு இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பழைய வேலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது.

சனிக்கிழமை அந்தப் புருஷன் பெண்டாட்டி பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்க்கிற ரகம். அந்தம்மா நேராக ஜன்னலோரத்துக்கு வந்தாள். அந்த மூலையில் அப்போது வெயில் சாய்வாக விழுந்து, பலகை தேன் நிறத்தில் இருந்தது. சின்னவள் மேடைக்குப் பின்னால் நின்றாள். கிரைண்டரைத் திருப்பித் தூளைச் சாம்பல்போல அரைக்க நினைத்தாள். கை அதுபாட்டுக்குச் சரியான இடத்தில் நின்றது. பாலைப் பொங்கவிட நினைத்தாள். காது சத்தத்தைக் கேட்டது, கை ஜாடியைச் சாய்த்தது, நுரை பட்டுப்போல வந்தது. ஆறு வருஷம் ராத்திரி ராத்திரியாகப் பழகிய கை, அதுவும் அவள் சொல் கேட்கவில்லை.

அந்தம்மா ஒரு வாய் குடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே வீடு விற்றுப்போனது.

“ரொம்ப அழகா யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க,” என்றாள். “யாரு டிசைன்?”

“ஒரு டிசைனரை வச்சுப் பண்ணோம்,” என்றான் அண்ணன்.

“இவங்க?”

அண்ணன் சின்னவளைப் பார்க்காமல் சொன்னான். “காபி போட வரச்சொன்ன பொண்ணு.”

அண்ணி ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தாள். வெளியே எதுவும் இல்லை, எதிர்வீட்டுச் சுவர்தான்.

அந்தம்மா இப்போது சமையலறைப் பக்கம் சாத்தியிருந்த கதவைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். ஸ்டோர் ரூம் என்றான் அண்ணன். காலையில் அந்தக் கதவைச் சாத்தி வை என்று அவன் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சின்னவள் கையைத் துடைத்தாள். மேடையைச் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். கட்டில் தெரிந்தது. கொடியில் காய்ந்த துணி, ஆஸ்பத்திரி கவுண்டரின் பழைய சட்டை, ஃபேனின் கீழே வகுப்புக்கு வாங்கிவைத்த நாலு சின்னக் கரண்டி.

“ஸ்டோர் ரூம் இல்லீங்க. நான் இருக்கிற ரூம். இவரு என் கூடப்பிறந்த அண்ணன். அந்தக் காபி பார் நான் போட்டது.”

ஹாலில் ஏதோ நடக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். என்ன என்று தெரியாது. யாராவது தலைகுனிவார்கள், யாராவது கப்பை வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

சுவரைத் தட்டிப் பார்க்கிறவர் அண்ணனிடம் திரும்பினார். “பத்திரத்துல இவங்க பேர் இருக்கா?”

“இல்ல.”

“அப்பப் பிரச்சினை இல்ல,” என்றார். சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மீதிக் காபியைக் குடித்தார்.

அவ்வளவுதான். அண்ணன் மூச்சு விட்டது சின்னவளுக்குக் கேட்டது. அந்தம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் சங்கடம். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தப்பாக நினைக்காதே என்கிற முகத்தோடு, சின்னவளிடமே நேராகக் கேட்டாள். “நீங்க எப்பம்மா காலி பண்ணுவீங்க?”

சின்னவள் மேடைக்குத் திரும்பிப் போய் மெஷினின் ஸ்விட்சை அணைத்தாள்.

“மெஷின் ஆறட்டும்.”

மெஷினா, அதையும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறேன் என்று அண்ணன் எழுந்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் அந்தம்மாவைப் பார்த்துச் சொன்னாள். மெஷின் அவளுடையது, வேலை பார்த்த இடத்தில் அவளுக்குக் கொடுத்தது, வீட்டோடு வராது. மேடையும் பலகையும் வரும். பின்னால் உள்ள பிளக் பாயிண்டில் ஃபிரிட்ஜையும் வேறு மெஷினையும் சேர்த்துப் போட்டால் லைன் போய்விடும், ஓர் ஆளை வைத்துத் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாராவது நாளைக்கு ஈரக்கையோடு அங்கே நிற்பார்கள் என்று தோன்றியது, சொல்லிவிட்டாள். அந்தம்மா தலையாட்டினாள். அண்ணன் மறுபடி உட்கார்ந்தான். வாங்க வந்தவர்கள் முன்னால் சண்டை போட்டால் பேச்சு கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

பாய்லரைச் சூட்டோடு தூக்க முடியாது. வால்வைத் திறந்து தண்ணீரைப் பக்கெட்டில் இறக்கினாள். ஆவியோடு விட்டுவிட்டு ஒழுகியது. முக்கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் டீச்சருக்கு போன் செய்து வகுப்பு இல்லை என்றாள். தச்சருக்கு போன் செய்து வண்டி கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன் என்றார். பையில் துணியை அடைத்தாள். ஹாலில் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. எந்த வாரம் சாவி, பெயின்ட் யார் அடிப்பது.

சோபாவிலிருந்து அந்த மனுஷர் காலிக் கப்பைத் தூக்கிக் காட்டினார். “இன்னொண்ணு கிடைக்குமா?”

“இல்லீங்க,” என்றாள் சின்னவள். “அணைச்சாச்சு.”

அண்ணி ஒரு பழைய பெட்ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள், மெஷினைச் சுற்றிக்கொள்ள. சின்னவள் வாங்கிக்கொண்டாள். மெஷின் தலைமேல் அடுக்கியிருந்த கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தன. ஒரு கையை மெஷினின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அங்கேயே நின்றாள்.